பேரைச் சொல்லித் தேடாதீங்க, நம்பரைச் சொல்லித் தேடுங்க

எஃப்3 00 05 01 எஃப்எஃப் 02

ஒரு ஐபிஎம் மெயின்ஃப்ரேம், தன்கிட்ட இணைஞ்ச டெர்மினலைப் பார்த்து, "உனக்கு என்னென்ன வரும்? கலர் உண்டா? திரை எவ்வளவு பெருசு?"ன்னு கேக்கிற கேள்வி இது. (எல்லாம் ஹெக்ஸ் எண்கள். ஏ முதல் எஃப் வரைக்கும் எழுத்தும் எண்தான்.) முதல் பைட் கட்டளை. அடுத்து வர்ற 00 05, செய்தியோட நீளம். தன்னையும் சேர்த்து அஞ்சு பைட். எண்ணிப் பாருங்க: 00, 05, 01, எஃப்எஃப், 02. கணக்கு சரி.

இப்ப இதே செய்தி நெட்வொர்க்ல போகும்போது பிடிச்சுப் பாருங்க.

எஃப்3 00 05 01 எஃப்எஃப் எஃப்எஃப் 02 எஃப்எஃப் இஎஃப்

நீளம் இன்னும் அஞ்சுன்னுதான் சொல்லுது. ஆனா நடுவுல எஃப்எஃப் ரெண்டு தடவை வந்திருக்கு. கடைசியில கேக்காம ரெண்டு பைட் ஒட்டிக்கிட்டிருக்கு. டெர்மினல் மாதிரியே நடந்துக்கிற மென்பொருளை, அதாவது எமுலேட்டரை, புதுசா எழுத உட்கார்றவங்க பல பேர் தலையைப் பிய்ச்சுக்கிற இடம் இது.

ஐபிஎம் மேனுவலைத் திறந்தா இதுக்கு விடை இல்ல. அது டெர்மினலோட மொழியைச் சொல்ற புத்தகம். அந்த மொழியை நெட்வொர்க்ல சுமந்துட்டுப் போற டெல்நெட் அதோட வேலை இல்ல. டெல்நெட் ஆவணத்தைத் திறந்தாலும் இல்ல, ஏன்னா அதுக்கு 3270ங்கிற இந்த டெர்மினல் குடும்பம் என்னன்னே தெரியாது. டெல்நெட்ல எஃப்எஃப்ன்னா "இனி வர்றது கட்டளை"ன்னு அர்த்தம். அதனால தகவலுக்குள்ள ஒரு எஃப்எஃப் வந்தா, அதை ரெட்டிப்பா அனுப்பணும். கடைசியில வர்ற எஃப்எஃப் இஎஃப், "இந்தப் பதிவு முடிஞ்சது"ங்கிற அடையாளம். முதல்ல ரெட்டிப்பைக் கழிச்சிட்டு, அப்புறம்தான் நீளத்தை எண்ணணும். விடை ரெண்டு புத்தகத்துக்கும் நடுவுல இருக்கு.

பழைய மெயின்ஃப்ரேம் டெர்மினல் ப்ரோட்டோகால்களுக்கு ஆவணமே இல்லைன்னு ஒரு புலம்பல் ரொம்ப நாளா ஓடுது. அது உண்மை இல்ல. இருக்கு. நிறையவே இருக்கு. தனித்தனி அடுக்கைப் பத்தித் தனித்தனி ஆட்கள், வேற வேற காலத்துல எழுதி வச்சிருக்காங்க. எந்த அடுக்கைத் தேடுறோம்னு தெரியாம போனா எதுவும் கைக்கு வராது.

3270 குடும்பம் 1971-ல வந்துச்சு. அப்ப மெயின்ஃப்ரேமோட நேரம் தங்கம். ஒவ்வொரு விசையை அழுத்தும்போதும் அதைத் தொந்தரவு பண்ண முடியாது. அதனால திரையை ஒரு படிவமா ஆக்கினாங்க. பேங்க்ல செலானை முழுசா நிரப்பிட்டு கவுண்டர்ல நீட்டுற மாதிரி, எல்லாக் கட்டத்தையும் நிரப்பிட்டு என்டர் தட்டினாதான் மெயின்ஃப்ரேமுக்கே தெரியும். அதுவும் மாத்தின கட்டங்கள் மட்டும்தான் போகும். அந்தக் கண்ணாடித் திரைப் பெட்டிகள் போயிருச்சு. ப்ரோட்டோகால் போகல. சென்னையில சிறுசேரியிலயும் சோழிங்கநல்லூர்லயும் உட்கார்ந்து அமெரிக்க பேங்க், இன்சூரன்ஸ் சிஸ்டங்களைப் பார்த்துக்கிறவங்க லேப்டாப்ல திறக்கிற கறுப்புத் திரைக்கு அடியில இன்னைக்கும் ஓடுறது இதேதான்.

சரி, தேடலுக்கு வருவோம்.

"3270 ப்ரோட்டோகால்"னு தேடினா முதல்ல வர்றது எமுலேட்டர் விக்கிறவங்களோட விளம்பரம். அடுத்து மேலோட்டமா நாலு பத்தி அறிமுகம். அதுக்கடுத்து பழைய கேள்வி பதில்கள். அதுல இருக்கிற சுட்டி பாதிக்கு மேல செத்துப்போயிருக்கும். ஐபிஎம் ஒரு காலத்துல தன்னோட புத்தகங்களை புக்மேனேஜர்ங்கிற சொந்த வடிவத்துல வச்சு இணையத்துல கொடுத்துச்சு. 3270 புத்தகத்துக்கு அங்க சிஎன்7பி4000னு ஒரு அடையாளம். எத்தனையோ பேர் தங்களோட நிரல் குறிப்புகள்ல அந்தச் சுட்டியைத்தான் போட்டு வச்சிருக்காங்க. அழுத்தினா இப்ப புத்தகம் வராது.

ஐபிஎம் புத்தகங்கள்ல பேரை விட நிலையானது அதோட படிவ எண். பேர் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும், சுருக்கி எழுதுவாங்க, ஸ்கேன் பண்ணுறவர் வேற மாதிரி போடுவார். எண் அப்படியே நிக்கும். 3270-க்கு முக்கியமான எண் ஜிஏ23-0059. டேட்டா ஸ்ட்ரீம் ப்ரோக்ராமர்ஸ் ரெஃபரன்ஸ். திரையில என்ன வரணும்னு மெயின்ஃப்ரேம் சொல்ற மொழி முழுக்க அதுல இருக்கு.

அந்த எண்ணையே கொஞ்சம் படிக்கலாம். முதல் எழுத்து ஜின்னா பொதுவா எல்லாருக்கும் கிடைக்கிற புத்தகம். எஸ்ன்னா விலைக்கு. எல்ன்னா லைசென்ஸ் எடுத்தவங்களுக்கு மட்டும். எல் வரிசைப் புத்தகத்தைத் தேடி இறங்குறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கிட்டா நல்லது. அது வெளிய புழங்கினதே கம்மி. கடைசியில ஒரு கோடு போட்டு வர்ற எண் பதிப்பு. அது சுழியத்துலேர்ந்து ஆரம்பிக்கும். தேடும்போது இந்தக் கடைசி எண்ணை விட்டுட்டுத் தேடுங்க. இல்லைன்னா அந்த ஒரு பதிப்பு கிடைக்கலைன்னு, புத்தகமே இல்லைன்னு முடிவு பண்ணிருவீங்க.

இன்னும் சில எண்கள். முதல் தலைமுறை 3277 திரைகளுக்கு ஜிஏ27-2749. டெர்மினல்களை மெயின்ஃப்ரேமோட இணைக்கிற 3274 கன்ட்ரோல் யூனிட்டுக்கு ஜிஏ23-0061. அதுக்கு அடுத்து வந்த 3174-க்கு ஜிஏ23-0218. தொலைபேசிக் கம்பியில ஓடின பைசிங்க் முறைக்கு ஜிஏ27-3004. எஸ்என்ஏங்கிற ஐபிஎம் நெட்வொர்க் முறையோட செய்தி வடிவங்களுக்கு ஜிஏ27-3136. ஏஎஸ்/400 பக்கத்து 5250 டெர்மினலுக்கு எஸ்ஏ21-9247.

இந்த எண்களைப் போட்டா, நிறைய தடவை வந்து சேருற இடம் பிட்சேவர்ஸ். கலிஃபோர்னியாவுல இருக்கிற கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்துல மென்பொருள் காப்பாளரா இருந்த ஆல் காஸோ பல வருஷமா பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணிச் சேர்த்த களஞ்சியம் அது. அலங்காரமே கிடையாது. கம்பெனி பேர்ல ஒரு அடைவு, அதுக்குள்ள கருவி எண்ணுக்கு ஒரு அடைவு, அவ்வளவுதான். கோப்புப் பேர்லயே படிவ எண், சுருக்கமான தலைப்பு, மாசம், வருஷம் எல்லாம் இருக்கும். உலகத்துல பல இடத்துல இதுக்கு நகல் இருக்கு, இன்டர்நெட் ஆர்க்கைவ்லயும் இருக்கு. பர்ரோஸ், யுனிவாக், ஹனிவெல்னு ஐபிஎம் இல்லாத கம்பெனிகளுக்கும் தனி அடைவுகள் உண்டு. இந்தத் துறையில இன்னைக்கு யாராவது ஏதாவது கட்டி எழுப்புறாங்கன்னா, அதுக்கு அடியில இவரோட உழைப்பு இருக்குன்னு தயங்காம சொல்லலாம். நன்றியோட சொல்ல வேண்டிய விஷயம்.

ஸ்கேன் கிடைச்ச உடனே ஒண்ணு கவனிங்க. அந்தக் காலத்துல ஐபிஎம் மேனுவல் வளையம் போட்ட கோப்பு. திருத்தம் வந்தா முழுப் புத்தகத்தையும் மறுபடி அச்சடிக்க மாட்டாங்க. டெக்னிக்கல் நியூஸ்லெட்டர்னு மாத்துப் பக்கங்களை மட்டும் அனுப்புவாங்க. வாங்கினவர் பழைய பக்கத்தை உருவிட்டு புதுசைச் செருகணும். மாறின வரிக்குப் பக்கத்துல ஓரத்துல ஒரு செங்குத்துக் கோடு இருக்கும். யாரோ ஒருத்தர் செருக மறந்திருந்தா, இன்னைக்கு நீங்க படிக்கிற ஸ்கேன்லயும் அந்தத் திருத்தம் இருக்காது. அதனால ஒரே புத்தகத்துக்கு ரெண்டு ஸ்கேன் கிடைச்சா ரெண்டையும் எடுத்து வச்சுக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

ரெண்டு மேனுவலைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்கும்போது வர்ற சந்தோஷம் தனி. ஒரு உதாரணம் சொல்லியே ஆகணும்.

சாதாரண 3270 திரையில 24 வரி, வரிக்கு 80 எழுத்து. மொத்தம் 1920 இடம். மூலையில இருக்கிற முதல் இடத்துக்கு எண் 0, கடைசி இடத்துக்கு 1919. ரெண்டாவது வரியோட ஆரம்பம் 80. எண்பதை ஹெக்ஸ்ல எழுதினா 50. ஆக, "அந்த இடத்துக்குப் போ"ன்னு சொல்ல 11 00 50னு வரும்னு நினைப்போம். (11ங்கிறது போகச் சொல்ற ஆணை.)

வர்றது 11 சி1 50.

சி1 எங்கேர்ந்து வந்துச்சு?

ஜிஏ23-0059-ல இதுக்கு ஒரு அட்டவணை இருக்கு. முகவரிக்கு 12 பிட். அதை ஆறு பிட்டா ரெண்டா வெட்டணும். 80ங்கிறது 1 × 64 + 16. ஒண்ணுக்கு அட்டவணையில சி1, பதினாறுக்கு 50. கடைசி இடமான 1919ங்கிறது 29 × 64 + 63. அது 5டி 7எஃப் ஆகும். மொத்தம் 64 குறிகள். முதல் பார்வைக்கு எந்த ஒழுங்கும் தெரியாது: 40, சி1, சி2ன்னு போயி, சி9-க்கு அப்புறம் 4ஏ-வுக்குத் தாவும், அப்புறம் 50, டி1ன்னு போகும். "யாரோ மனம்போன போக்குல போட்டது"ன்னு தோணும்.

இப்ப பைசிங்க் மேனுவலை, ஜிஏ27-3004-ஐ, பக்கத்துல திறங்க. தொலைதூரக் கம்பியில 02ன்னா உரை ஆரம்பம். 03ன்னா உரை முடிவு. 37ன்னா பரிமாற்றம் முடிஞ்சது. 2டின்னா பதில் கேக்கிறது. இப்ப யோசிங்க. திரையில 3-ஆம் எண் இடத்தை 00 03ன்னு அப்படியே அனுப்பினா, அந்த 03-ஐப் பார்த்ததும் எதிர்முனை செய்தி முடிஞ்சதுன்னு எடுத்துக்கும். அதனால முகவரி எதுவா இருந்தாலும் கம்பியைக் குழப்பாத, எப்சிடிக்ங்கிற ஐபிஎம் எழுத்து வரிசையில அச்சிடக்கூடிய குறிகளா மட்டும் பார்த்து 64-ஐ எடுத்திருக்காங்க. சி1ங்கிறது எப்சிடிக்ல பெரிய ஏ. அந்தத் தாவல்களும் எப்சிடிக் வரிசையில இருக்கிற இடைவெளிகள்தான். மனம்போன போக்கு இல்ல, கம்பியோட குணம் தெரிஞ்சவங்க போட்ட கணக்கு.

12 பிட்ல 4096 இடம் வரைக்கும் சொல்லலாம். 43 வரித் திரைக்கு 3440, 132 எழுத்து அகலத் திரைக்கு 3564. ரெண்டும் உள்ள அடங்கிரும். அதுக்கு மேல போறவங்களுக்கு 14 பிட் முகவரி வந்துச்சு. முதல் ரெண்டு பிட்டும் சுழியமா இருந்தா அது 14 பிட். பழைய 64 குறிகள்ல எதுவும் அப்படி ஆரம்பிக்காது. அதனால பழசும் புதுசும் மோதிக்கல. எவ்வளவு அழகான வேலை!

5250-க்கு வந்தா இதே கண்ணு ஏமாத்தும். அங்கயும் இடம் சொல்ற ஆணை 11தான். ஆனா அதுக்குப் பின்னாடி வர்றது நேரடியா வரி எண், நெடுவரிசை எண். அட்டவணை, ஆறு பிட் எதுவும் கிடையாது. ரெண்டும் ஐபிஎம், ரெண்டும் கறுப்புத் திரை, ரெண்டுக்கும் ஆணை எண்கூட ஒண்ணு. ஒரு மேனுவலை வச்சு இன்னொண்ணைப் படிச்சா திரை முழுக்கக் குப்பை கொட்டும்.

இன்டர்நெட் பக்கத்து ஆவணங்கள் ஆர்.எஃப்.சி. வரிசையில இருக்கு. இங்க சிக்கல் வேற. தேடினா கிடைச்சிரும், ஆனா எதை நம்புறது? 1988 ஜனவரியில ஆர்.எஃப்.சி. 1041 வந்துச்சு. எழுதினவர் ஐபிஎம்-ல இருந்த யாகோவ் ரெக்டர். (பின்னாடி இன்டர்நெட்டையே இணைக்கிற பிஜிபி-யை உருவாக்கினவங்கள்ல ஒருத்தர்.) தலைப்பைப் பார்த்தா இதுதான் தேடினதுன்னு தோணும். நடைமுறையில உலகம் வேற வழியில போச்சு. பெர்க்லியில கிரெக் மின்ஷால் எழுதின டிஎன்3270 நிரல் மாதிரியானவை பழக்கத்துல கொண்டுவந்த முறையைத்தான் எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. டெர்மினல் வகையைக் கேக்கிறது, "ஐபிஎம்-3278-2"ன்னு பதில் சொல்றது, பைனரிக்கும் பதிவு முடிவுக்கும் ஒத்துக்கிறது, அப்புறம் 3270 மொழிக்கு மாறுறது. பேச்சுவார்த்தை நடக்கிற வரைக்கும் டெர்மினல் பேர் ஆஸ்கி எழுத்துல போகும். முடிஞ்ச நொடியிலேர்ந்து எல்லாம் எப்சிடிக்.

இந்தப் பழக்கத்தை உள்ளபடி எழுதி வச்சது 1994 ஜனவரியில வந்த ஆர்.எஃப்.சி. 1576. புதுசா எதையும் கண்டுபிடிக்காம, "இப்ப எல்லாரும் செய்யறது இதுதான்"னு எழுதின ஆவணம். ஒரே ஒரு ஆர்.எஃப்.சி.தான் படிக்க நேரம் இருக்குன்னா இதைப் படிக்கலாம். அதே வருஷம் ஜூலையில 1647. அதைத் திருத்தி 1998 ஜூன்ல 2355. இந்த ரெண்டும் அலபாமாவுல இருக்கிற ஆபர்ன் பல்கலைக்கழகத்துலேர்ந்து வந்தது. பிரிண்டர், குறிப்பிட்ட டெர்மினல் பேரைக் கேட்டு வாங்குறது எல்லாம் இதுலதான் ஒழுங்காச்சு. இந்தப் புது முறையில ஒவ்வொரு செய்திக்கு முன்னாடியும் அஞ்சு பைட் தலைப்பு வரும். பழைய முறைக்கு எழுதின நிரல் இதைக் கட்டளைன்னு நினைச்சுப் படிச்சா அவ்வளவுதான். 5250-க்கு 1991-ல 1205, 2000-ல 2877, 2006-ல 4777.

எழுத்துல இல்லாதது நிரல்ல இருக்கும். எக்ஸ்3270ங்கிற திறந்த மூல எமுலேட்டரைப் பால் மேட்டஸ் 1990-கள்லேர்ந்து பராமரிச்சுக்கிட்டு வர்றார். அதுல ட்ரேஸ் வசதியைப் போட்டா, வர்ற ஒவ்வொரு பைட்டையும் ஆணைப் பேரோட பிரிச்சு எழுதிக் கொடுக்கும். மேனுவலைப் படிச்சது சரியா புரிஞ்சதான்னு பார்த்துக்க இதை விட நல்ல வழி இல்ல. லினக்ஸ் கெர்னலுக்குள்ளயே 3270 ட்ரைவர் இருக்கு, அதுக்குத் தனிக் குறிப்பும் இருக்கு. நிறைய பேர் அங்க எட்டிப் பார்க்கிறதே இல்ல.

இன்னும் கீழ போனா கேபிள். உண்மையான 3278 டெர்மினலை உயிர்ப்பிக்க நினைக்கிறவங்களுக்கு டேட்டா ஸ்ட்ரீம் மேனுவல் உதவாது. அதுல செருகுறது 93 ஓம் கோஆக்சியல் கேபிள், ஆர்ஜி-62. நொடிக்கு 23 லட்சத்துச் சொச்சம் பிட் வேகம். 12 பிட் சொற்கள். 3277 பேசினதும் 3278 பேசினதும் கேபிள்ல வேற வேற. இந்த அடுக்குக்கு நல்ல ஆவணம் இருக்கிற இடம் யாரும் எதிர்பார்க்காத ஒண்ணு: சிப் கம்பெனியோட டேட்டாஷீட். நேஷனல் செமிகண்டக்டர் டிபி8340, டிபி8341ன்னு ரெண்டு சிப் போட்டுச்சு, ஒண்ணு அனுப்ப, ஒண்ணு வாங்க. இன்னொரு கம்பெனி 3270-க்கு ஒத்த கருவி செய்யணும்னா அந்த மாதிரி சிப் வேணும். அதை விக்கணும்னா சிக்னல் எப்படி இருக்கும்னு விவரமா எழுதியாகணும். வியாபாரத்துக்காக எழுதின அந்தப் பக்கங்களை வச்சு, இன்னைக்கு ஆர்வலர்கள் சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டுல 3174 செஞ்ச வேலையைச் செய்ய வச்சிருக்காங்க.

எல்லாக் குடும்பத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்ல. விமான முன்பதிவு டெர்மினல்கள் ஆறு பிட் எழுத்துகளோட ஏஎல்சின்னு ஒரு முறையில பேசின. அந்தப் போக்குவரத்தை ஐபி மேல ஏத்துறதுக்கு 1998-ல ஆர்.எஃப்.சி. 2351 வந்துச்சு. அது பெட்டியில போட்டு அனுப்புற விதத்தைச் சொல்லும். பெட்டிக்குள்ள இருக்கிற திரை மொழியை அது சொல்லாது. அந்த மாதிரி நேரத்துல ஓடிக்கிட்டிருக்கிற சிஸ்டத்தோட ட்ரேஸ்தான் கையில இருக்கிற ஆவணம்.

3270-ஐக் கத்துக்க வேலை பார்க்கிற இடத்து மெயின்ஃப்ரேம் தேவையே இல்ல. ரோஜர் பௌலர் ஆரம்பிச்ச ஹெர்குலிஸ்ங்கிற மெயின்ஃப்ரேம் எமுலேட்டரை இறக்கிக்கிட்டு, அதுல பொதுப் பயன்பாட்டுல இருக்கிற எம்விஎஸ் 3.8ஜேங்கிற பழைய ஐபிஎம் இயங்குதளத்தை ஓட்டலாம். வழக்கமான அமைப்புல அது டெர்மினலுக்காகக் காத்திருக்கிற போர்ட் எண்ணும் 3270தான். எக்ஸ்3270-ஐ அங்க இணைங்க. நெட்வொர்க்ல போறதைப் பிடிச்சுக் காட்டுற வயர்ஷார்க்கையும் திறந்து வைங்க. அதுக்கு டிஎன்3270 படிக்கத் தெரியும். ஆனா 23 இல்லாத போர்ட்டா இருக்கிறதால, டெல்நெட்டா எடுத்துக்கோன்னு நாமதான் சொல்லணும். இணைப்பு தொடங்குறதுக்கு முன்னாடியே பதிவை ஆரம்பிங்க. டெர்மினல் வகைப் பேச்சுவார்த்தையைப் பார்த்துதான் அது 3270ன்னு கண்டுபிடிக்குது. பாதியில சேர்ந்தா வெறும் பைட்தான் தெரியும். (அலுவலகத்து இணைப்பு டிஎல்எஸ் போட்டு மூடியிருக்கும், அங்க வயர்ஷார்க்ல ஒண்ணும் தெரியாது. எமுலேட்டரோட ட்ரேஸ்தான் வழி.)

என்டர் தட்டினா முதல் பைட் 7டி. பிஎஃப்1 தட்டினா எஃப்1. ரெண்டுக்கும் பின்னாடி கர்சர் நிக்கிற முகவரி ரெண்டு பைட்டா வரும், அப்புறம் மாத்தின கட்டங்கள். கிளியர் தட்டிப் பாருங்க: 6டி மட்டும் தனியா வரும், முகவரி கிடையாது. எப்பவும் மூணு பைட்டாவது வரும்னு நம்பி எழுதின சர்வர் நிரல் முதல்ல தடுக்கி விழுறது இந்த விசையிலதான். ஜிஏ23-0059-ல "ஷார்ட் ரீட்"னு தேடுங்க, இது தெளிவா இருக்கும்.